பாஸ்டர் வராத ஞாயிறும் சபைதான்: சின்ன லுத்தரன் சபை பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆம்பூர் பக்கத்துல ஒரு சின்ன லுத்தரன் சபையில கமிட்டியில இருக்கேன். நாப்பது குடும்பத்துக்கு கொஞ்சம் மேல வரும், பாதிப்பேர் ஷூ கம்பெனி, மீதி கொத்து வேலை, டீச்சர், நர்சு, ரெண்டு மூணு ரிட்டயர்டு ரயில்வே தாத்தாங்க. பேரணாம்பட்டு, வாணியம்பாடி பக்கத்து சபைக்காரங்களைக் கல்யாணத்துல பாத்தா பந்தியில உக்காந்ததும் இதே கேள்விங்கதான் கேக்குறாங்க, அதான் மொத்தமா எழுதிட்டேன். உங்க சினாட் (சபைகளுக்கு மேல இருக்கற நிர்வாகம்) விதி வேற மாதிரி சொன்னா அதைத்தான் நீங்க பாக்கணும், நான் எழுதினதை இல்ல.

வேலூர்னா சி.எஸ்.ஐ தானே, லுத்தரன் எங்கருந்து வந்துச்சு?

வேலூர், ராணிப்பேட்டை பக்கம் பெரும்பாலும் ஸ்கடர்ங்கற அமெரிக்க மிஷனரி குடும்பத்தோட ஆற்காடு மிஷன் வழி வந்தது, அது 1947ல சி.எஸ்.ஐ, அதாவது தென்னிந்தியத் திருச்சபை ஆயிடுச்சு. ஆம்பூர், வாணியம்பாடி, கிருஷ்ணகிரி லைன் வேற கதை. அமெரிக்காவுல மிசௌரி சினாட்னு ஒரு லுத்தரன் சபை, அவங்க அனுப்பின தியோடர் நேத்தர் 1895ல கிருஷ்ணகிரியில வேலை ஆரம்பிச்சாரு, 1904ல பிளேக் வந்து இறந்துட்டாரு. அங்கருந்துதான் ஆம்பூருக்கு வந்துச்சு. பெதஸ்தா ஆஸ்பத்திரி, கன்கார்டியா ஸ்கூல் எல்லாம் அந்த வழிதான். 1958ல இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபைன்னு தனியா நின்னாங்க, நம்ம பக்கம் ஐ.இ.எல்.சின்னா எல்லாருக்கும் தெரியும். திருச்சியில தலைமை இருக்கற டி.இ.எல்.சி (தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை) வேற, அது 1919ல உருவானது, தரங்கம்பாடி வழி. ஆற்காடு லுத்தரன் திருச்சபைன்னு இன்னொண்ணு, பேர்ல ஆற்காடு இருந்தாலும் டேனிஷ் மிஷன் வழி வந்தது, கடலூர், திருவண்ணாமலை பக்கம் இருக்கு. புதுசா குடி வர்றவங்க இந்த மூணையும் குழப்பிக்கிட்டு தப்பான ஆபீசுக்கு மெம்பர்ஷிப் லெட்டர் அனுப்பிடறாங்க, அதனாலதான் இவ்ளோ விளக்கம். இதுல 2019ல ஜில்லாவும் பிரிஞ்சு ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயிடுச்சு, பெரியவங்க மட்டும் இன்னமும் வட ஆற்காடுன்னுதான் சொல்வாங்க.

பாஸ்டர் ஐயா மாசத்துல ரெண்டு ஞாயிறுதான் வர்றாரு, மீதி ஞாயிறு என்ன பண்றது?

எல்லா சின்ன சபைக்கும் இதான் முதல் பிரச்சினை, மத்த பிரச்சினை பாதி இதுலருந்துதான் வருது. ஐயா ஒருத்தர், சபை மூணோ நாலோ, காலைல 7 மணிக்கு ஒரு இடம், 9 மணிக்கு இன்னொரு இடம், பைக்ல அங்கியை மடிச்சு பையில போட்டுக்கிட்டு ஓடிட்டு இருக்காரு. அவர் வராத ஞாயிறுல ஆராதனை இல்லைன்னு கதவைப் பூட்டுற சபை ரெண்டே வருஷத்துல தேய்ஞ்சுடும், நான் பாத்திருக்கேன். அதனால வருஷ பிளானை அவர் வராத நாளை வெச்சுத்தான் போடணும்னு நான் சொல்றேன், வர்ற நாளை அவரே பாத்துப்பாரு.

என்ன செய்யலாம், என்ன கூடாதுங்கறது ஏற்கனவே எழுதி வெச்ச விஷயம்தான். 1530ல வந்த ஆக்ஸ்பர்க் அறிக்கைதான் லுத்தரன்களோட அடிப்படை விசுவாச அறிக்கை, அதோட 14வது பிரிவு, முறையா அழைக்கப்படாதவங்க சபையில பகிரங்கமா போதிக்கறதோ சாக்கிரமெந்து (ஞானஸ்நானம், நற்கருணை) குடுக்கறதோ கூடாதுன்னு சொல்லுது. அதனால நற்கருணை ஐயா வர்ற ஞாயிறுதான். ஆனா வேதபாடம் வாசிக்கலாம், பாவ அறிக்கை சொல்லலாம், விசுவாசப் பிரமாணம், ஜெபம், பாட்டு எல்லாம் நடத்தலாம், ஐயா எழுதிக் குடுத்த பிரசங்கத்தை சபையார் ஒருத்தர் எழுந்து வாசிக்கலாம். வாசிக்கறவர் நடுவுல சொந்த சாட்சியை நுழைக்காம வாசிச்சாலே போதும், பத்து நிமிஷத்துல முடிஞ்சுடும். இதெல்லாம் புதுசும் இல்ல. தரங்கம்பாடியில ஆரோன் 1733ல குருப்பட்டம் வாங்கற வரைக்கும் தமிழ் ஆள் ஒருத்தரும் புராட்டஸ்டன்ட் போதகரா இல்ல, கிராமத்து சபையெல்லாம் குருப்பட்டம் இல்லாத உபதேசியாருங்க நடத்தினதுதான்.

ஞானஸ்நானம் மட்டும் ஒரு விதிவிலக்கு. குழந்தை சாகக் கிடக்குதுன்னா எந்தக் கிறிஸ்தவரும், தாயே கூட, தண்ணி ஊத்தி பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில்னு குடுக்கலாம், அது செல்லும், பொறவு ஐயாகிட்ட சொல்லி ரிஜிஸ்டர்ல ஏத்திடணும். வேலூர் சி.எம்.சி ஆஸ்பத்திரி ஐ.சி.யூ வாசல்ல நின்னுக்கிட்டு ஐயாவுக்கு போன் கிடைக்கலன்னு தவிக்க வேணாம்.

எங்க சபையில மூணு பேர் முறை வெச்சு நடத்துறோம், அதுல ஒருத்தங்க பத்தாவது வரைக்கும் படிச்ச அக்கா, கம்பெனியில ஷூவோட மேல்பாகம் தைக்கிறவங்க, மூணு பேர்ல அவங்க வாசிப்புதான் கடைசி பெஞ்சு வரைக்கும் தெளிவா கேக்கும். யார் முறைன்னு போர்டுல எழுதி ஒட்டிடுவோம். இன்னொண்ணு, சாவி. கோவில் சாவி, அலமாரி சாவி, மைக் செட் சாவி மூணும் ஒரே வீட்டுல இருக்கவே கூடாது, அந்த வீட்டுக்காரங்க ஊருக்குப் போனா சபையே வெளியில நிக்கும்.

கமிட்டியில யார் யார் இருக்கணும்?

எண்ணிக்கை உங்க விதியில இருக்கும். நான் சொல்றது வேற: ஒரு வீட்டுக்கு ஒருத்தர் மேல வேணாம். சின்ன சபையில ரெண்டு குடும்பம்தான் பெருசா இருக்கும், மாமன், மச்சான், சித்தப்பான்னு அஞ்சு பேரும் உள்ள வந்துட்டா மீதி முப்பது குடும்பம் வாயைத் திறக்காது, காணிக்கையும் குறையும், ஏன் குறையுதுன்னு கமிட்டிக்கே புரியாது. பொம்பளைங்க கட்டாயம் இருக்கணும், சும்மா பேருக்கு ஒருத்தர் இல்ல. ஞாயிறு வர்றவங்கள்ல முக்காவாசி அவங்கதான், எந்த வீட்டுல சாப்பாட்டுக்குக் கஷ்டம், எந்த வீட்டுல குடி, எந்தப் பொண்ணு படிப்பை நிறுத்திடுச்சு எல்லாம் அவங்களுக்குத்தான் தெரியும், ஆம்பளைங்களுக்கு காம்பவுண்டு சுவர் மட்டும்தான் தெரியும். (பொம்பளைங்களுக்குப் போதகர் பட்டம் குடுக்கறது வேற கேள்வி, அதுல லுத்தரன்களுக்குள்ளயே ஒத்த கருத்து இல்ல, டி.இ.எல்.சியில குடுக்கறாங்க, மிசௌரி வழியில இல்ல. கமிட்டிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.)

முப்பது வயசுக்குக் கீழ ஒருத்தராவது வேணும், அவங்களை நாற்காலி எடுத்துப் போட மட்டும் கூப்பிடக் கூடாது. ஒரே ஆள் பதினஞ்சு வருஷம் செக்ரட்டரியா இருந்தா அவர் நல்லவரா இருந்தாலும் மாத்துங்க, அவருக்கும் ரெஸ்ட், அவருக்கு மட்டும் தெரிஞ்ச விஷயமெல்லாம் நோட்டுக்கும் வந்துடும்.

எலெக்ஷன்ல சண்டை வராம இருக்க?

வரும். ஓட்டர் லிஸ்ட்டை ஒரு மாசம் முன்னாடியே ஒட்டிட்டீங்கன்னா பாதி குறையும்.

மீட்டிங் ராத்திரி 11 மணி வரைக்கும் இழுக்குது, ஆனா ஒரு வேலையும் நடக்கல, ஏன்?

உங்க மினிட்ஸ் நோட்டை எடுத்துப் பாருங்க. "கோவில் கூரை ஒழுகுவது பற்றி ஆலோசிக்கப்பட்டது, விரைவில் சரிசெய்யத் தீர்மானிக்கப்பட்டது"ன்னு இருக்கும். அடுத்த மாசமும் அதே வரி, அதுக்கடுத்த மாசமும் அதே வரி, நடுவுல ஐப்பசி மழை வந்து கூரைத் தண்ணி ஆல்டர் துணி மேல சொட்டிடும். யார், எந்த தேதிக்குள்ள, எவ்ளோ ரூபா வரைக்கும்னு மூணு விஷயம் இல்லாத தீர்மானத்தை எழுதவே எழுதாதீங்க. "ஷீட் மாத்த கொத்தனார் தம்பிகிட்ட கொட்டேஷன் வாங்கறது செக்ரட்டரி, வர்ற 20ஆம் தேதிக்குள்ள, எட்டாயிரத்துக்கு மேல போனா திரும்பவும் கமிட்டிக்கு வரணும்", இப்படி. அடுத்த மீட்டிங் ஆரம்பிக்கும்போது முதல்ல இதைத்தான் வாசிக்கணும், புது விஷயம் அப்புறம். இதைச் செஞ்சதுக்கப்புறம் எங்களுக்கு ஒன்பது மணிக்கு முன்னாடி முடியுது, ஏன்னா வேலை செய்யாத ஆள் பேச வெக்கப்படறாரு.

பொம்பளைங்க கமிட்டியில இருந்தா ராத்திரி மீட்டிங்கே வைக்காதீங்க, ஆராதனை முடிஞ்ச கையோட வெச்சுடுங்க.

வருஷ பிளான் எப்படிப் போடறது?

ஒரு பெரிய மாச காலண்டர் வாங்குங்க, மளிகைக் கடையில ஓசியில குடுப்பாங்களே, அது போதும். நாலு கலர் பேனா.

முதல் கலர் திருச்சபை நாட்கள். வருஷம் ஜனவரியில ஆரம்பிக்கல, ஆகமன ஞாயிறுல ஆரம்பிக்குது, கிறிஸ்துமசுக்கு முந்தின நாலாவது ஞாயிறு. அப்புறம் லெந்து (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்), குருத்தோலை, பெரிய வெள்ளி, ஈஸ்டர், பெந்தெகொஸ்தே, அறுப்பின் பண்டிகை, அக்டோபர் 31 சீர்திருத்த நாள். ஈஸ்டர் ஒவ்வொரு வருஷமும் நகரும், 2026ல ஏப்ரல் 5, 2027ல மார்ச் 28, அதோட லெந்து ஆரம்பிக்கற சாம்பல் புதனும் நகரும்.

ரெண்டாவது கலர் பள்ளிக்கூடம். மார்ச்ல பப்ளிக் எக்ஸாம், அதாவது லெந்து முழுக்க பசங்க கொயருக்கு வரமாட்டாங்க, வரச்சொல்லி திட்டறதுல பிரயோஜனம் இல்ல. திடப்படுத்தல் கிளாசை (பசங்க முதல் நற்கருணை வாங்கறதுக்கு முன்னாடி படிக்கற வகுப்பு) ஜூன்ல ஆரம்பிச்சு ஜனவரிக்குள்ள முடிச்சுடுங்க.

மூணாவது கலர் கம்பெனி. ஷிப்மென்ட் நெருக்கடின்னா ஞாயித்துக்கிழமையும் ஓ.டி. இருக்கும், அது எப்பன்னு கம்பெனி வேலைக்குப் போற அக்காங்களைக் கேட்டா முன்னாடியே சொல்லிடுவாங்க. அந்த மாசத்துல ஆராதனையை 7 மணிக்கு மாத்தறதா, சனிக்கிழமை சாயங்காலம் ஒண்ணு வைக்கறதான்னு அப்பவே முடிவு பண்ணிக்கலாம். ஓ.டி.க்குப் போன பொண்ணுங்களை பலிபீடத்துல நின்னு குத்திக் காட்டுறது எனக்குப் பிடிக்காத விஷயம், அந்தக் காசுலதான் வீட்டு வாடகை போவுது.

நாலாவது கலர்தான் எல்லாரும் மறக்கறது: ஊர். நம்ம ஊர்ல நாம மட்டும் இல்லையே. சிவராத்திரி முடிஞ்ச அமாவாசையில மயானக் கொள்ளைத் திருவிழா, பாலாத்தங்கரை பூரா கூட்டம், அன்னிக்கு சாயங்காலம் ஒரு வீட்டு ஜெபம் வெச்சா பாதிப்பேர் ரோட்டுல மாட்டிக்குவாங்க. மே நடுவுல குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, பஸ் எல்லாம் சுத்திப் போவும், விடுமுறை வேதாகமப் பள்ளியை அந்த வாரம் வைக்காதீங்க, போதாக்குறைக்கு அது அக்னி நட்சத்திரமும் கூட, வேலூர் வெயில் பத்தி உங்களுக்குச் சொல்லணுமா. ரம்ஜான் மாசம் ஆம்பூர் கடைத்தெரு நேரமே மாறிடும், 2025லருந்து 2027 வரைக்கும் லெந்தும் ரம்ஜானும் கிட்டத்தட்ட ஒரே சமயத்துல ஆரம்பிக்குது. 2026ல சாம்பல் புதனும் நோன்பு ஆரம்பமும் ஒரே வாரம். லெந்து வெள்ளிக்கிழமை ஆராதனையை நோன்பு திறக்கற நேரத்துக்கு வெச்சா ஆட்டோ கூட கிடைக்காது, அரை மணி தள்ளி வெச்சா கிடைக்கும்.

நாலு கலரும் போட்டதுக்கப்புறம் காலியா இருக்கற ஞாயிறைப் பாருங்க, ரொம்ப கம்மியா இருக்கும். அதுல ஒரு வருஷத்துக்கு ஒரே ஒரு புது வேலை மட்டும் எடுங்க. சின்ன சபை கூரை, டியூஷன் சென்டர், மருத்துவ முகாம், கொயர் போட்டி நாலையும் ஒரே வருஷத்துல எடுத்தா அதே ஆறு பேர்தான் நாலுத்துக்கும் ஓடணும்.

காணிக்கைக் கணக்கு, பணம் இதெல்லாம்?

பணத்தை யார்கிட்ட நம்பிக் குடுக்கறதுங்கற சந்தேகம், லுத்தரன் சபைக்குப் பேர் குடுத்த மார்ட்டின் லூத்தர் காலத்துலயே வந்தாச்சு. 1523ல ஜெர்மனியில லைஸ்னிக்னு ஒரு ஊர் சபைக்காரங்க பொதுப் பெட்டி ஒண்ணு வெச்சு, அதைப் பாத்துக்க வருஷா வருஷம் பத்து பேரைத் தேர்ந்தெடுக்கணும், அதுல பட்டணத்தாரும் இருக்கணும் கிராமத்து விவசாயிங்களும் இருக்கணும்னு விதி எழுதினாங்க, லூத்தர் அதுக்கு முன்னுரை எழுதிக் குடுத்தாரு. பெட்டிக்கு நாலு பூட்டு, நாலு சாவி நாலு தரப்புகிட்ட, நாலு பேரும் வந்தாத்தான் பெட்டி திறக்கும். நம்ம ஊர்ல நம்பிக்கை இல்லையான்னு கோவிச்சுக்கற ட்ரெஷரர்கிட்ட இதைச் சொல்லுங்க.

இப்பத்த பூட்டு என்னன்னா பேங்க்ல ரெண்டு கையெழுத்து, ஆராதனை முடிஞ்சதும் அங்கயே ரெண்டு பேர் வேற வேற வீட்டுக்காரங்க எண்ணி நோட்டுல கையெழுத்துப் போடறது. பெரிய ஓட்டை எதுன்னா ஜிபே. நிறைய சின்ன சபையில காணிக்கைத் தட்டுக்குப் பக்கத்துல ஒட்டியிருக்கற கியூ.ஆர். ட்ரெஷரரோட சொந்த அக்கவுண்டுக்குப் போவுது. அவர் ஒரு ரூபா எடுக்கமாட்டாரு, சரி, ஆனா அவருக்கு ஏதாவது ஆயிட்டா அந்தப் பணம் அவர் வீட்டுக்காரங்க கைக்குப் போயிடும், திரும்ப வாங்கறது கஷ்டம். சபை அக்கவுண்டுக்கே கியூ.ஆர். வாங்குங்க, பேங்க்ல குடுக்கறாங்க.

காணிக்கைக்கு வருமான வரியில கழிவு கிடைக்கணும்னு 80ஜி ரசீது கேக்கறவங்களுக்கு: அந்த அனுமதி பதிவான அமைப்புக்குத்தான், உங்க சபைக்குத் தனியா இருக்காது, தலைமை ஆபீஸ்ல கேளுங்க. ரெண்டாயிரத்துக்கு மேல ரொக்கமா குடுத்தா எப்படியும் கழிவு கிடையாது.

அறுப்பின் பண்டிகை ஏலம் தேவையா? பணக்காரங்க விளம்பரம் மாதிரி ஆயிடுச்சே.

ரெண்டு பக்கமும் எனக்குப் புரியுது. ஒரு பூசணிக்காய் ஐந்நூறுல ஆரம்பிச்சு மூவாயிரத்துக்குப் போவுது, எடுத்தவர் அதைத் திரும்ப சபைக்கே குடுத்துடறாரு, திரும்ப ஏலம், சிரிப்பு, அன்னிக்கு ஒரு நாள்தான் சபையே கல்யாண வீடு மாதிரி இருக்கும். கூரைக்கான பணமும் அதுலதான் வருது. ஆனா அதே நேரம் முருங்கைக்காய் ஒரு கட்டு வீட்டுலருந்து கொண்டாந்த ஆயா, அதை ஏலக்காரர் "இது யாருப்பா, இருபது ரூபா"ன்னு தள்ளிவிடறதை உக்காந்து பாத்துட்டு இருப்பாங்க. நாங்க சின்னப் பொருளையெல்லாம் சேர்த்து கூடையா கட்டிடறோம், எது யார் வீட்டுதுன்னு தெரியாது, கூடை நல்ல விலைக்கும் போவுது. நிறுத்தணும்னு நான் சொல்லமாட்டேன்.

பசங்க பெங்களூரு, சென்னை போயிட்டாங்க, வாலிபர் சங்கம் பேருக்குத்தான் இருக்கு.

போனவங்க போனவங்கதான், கூப்பிட்டு திட்டாதீங்க. தூரத்துலருந்து செய்யற வேலை குடுங்க. எங்க கணக்கை எக்செல்ல போடறது ஓசூர்ல இருக்கற ஒரு தம்பி, பாட்டு ஸ்லைடு போடறது சென்னையில இருக்கற பொண்ணு. ஊருக்கு வர்ற ஞாயிறுல வேதபாடம் வாசிக்கச் சொன்னா போதும், அடுத்த தடவையும் கோவிலுக்கு வருவாங்க.

நம்ம ஆளுங்க சாயங்காலம் பெந்தெகொஸ்தே சபைக்குப் போறாங்க, தடுக்கறது எப்படி?

தடுக்க முடியாது, தடுக்க நெனச்சா மொத்தமா போயிடுவாங்க. ஏன் போறாங்கன்னு கேட்டுப் பாருங்க, உபதேச வித்தியாசம்னு ஒருத்தரும் சொல்லமாட்டாங்க, உடம்பு சரியில்லாதப்ப அந்த பாஸ்டர் வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணாருன்னு சொல்வாங்க. நம்ம ஐயாவுக்கு நாலு சபை, அவரால வர முடியாது. ஆனா தெருவுக்கு ஒருத்தர்னு நாம போகலாமே. சிறிய ஞானோபதேசம்ங்கற கேள்வி பதில் புத்தகத்தை லூத்தர் 1529ல எழுதும்போதே ஒவ்வொரு பகுதிக்கும் மேல குடும்பத் தலைவர் தன் வீட்டாருக்கு இதை எப்படிச் சொல்லித்தரணும்னுதான் போட்டாரு, வீட்டுல நடக்கணும்னு எழுதின புத்தகம் அது, நாம அதை திடப்படுத்தல் கிளாசுக்கு மனப்பாடம் பண்றதோட மூடி வெச்சுட்டோம்.

கீர்த்தனையா, கீபோர்டா?

ரெண்டும். ஆக்ஸ்பர்க் அறிக்கை 7வது பிரிவே சுவிசேஷமும் சாக்கிரமெந்தும் சரியா இருந்தா போதும், மனுஷங்க ஏற்படுத்தின முறைகள் எல்லா இடத்துலயும் ஒண்ணா இருக்கணும்னு இல்லைன்னு சொல்லுது. ஆனா ஞானப்பாட்டு புஸ்தகத்தை தூக்கிப் போடாதீங்க, சாவு வீட்டுல கரண்ட் இல்லாதப்ப அதுதான் எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டு. கீபோர்டு சவுண்டைக் குறைங்க, அவ்ளோதான்.

சாவு விழுந்தா சபை என்ன செய்யணும்?

சபையோட தலைமை எப்படின்னு பாக்கணும்னா அன்னிக்குப் பாருங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு போன் வரும். ஐயாவுக்குச் சொல்ல ஒருத்தர், சவப்பெட்டிக்கு ஒருத்தர், குழி வெட்டறவங்களுக்கும் கல்லறைத் தோட்டத்து கேட்டுக்கும் ஒருத்தர், ஷாமியானா நாற்காலிக்கு ஒருத்தர், டீத்தண்ணிக்கு பெண்கள் சங்கம், வெளியூர்லருந்து வர்றவங்களை ஸ்டேஷன்ல கூட்டிட்டு வர ரெண்டு பசங்க. இந்தப் பேரையெல்லாம் முன்னாடியே எழுதி வெச்சுக்கங்க, அந்த வீட்டுக்காரங்க ஒரு போனும் பண்ணக் கூடாது. சாவு செலவுக்குன்னு தனியா கொஞ்சம் பணம் பேங்க்ல போடாம கையிருப்புல வைங்க, ராத்திரியில சவப்பெட்டி விக்கறவர் செக் வாங்கமாட்டாரு. சந்தா பாக்கி இருக்குன்னு அடக்கத்துக்கு கண்டிஷன் போடற வழக்கம் சில இடத்துல இருக்கு, அது அசிங்கம், வேற வார்த்தை இல்ல. மூணாம் நாள் ஜெபத்தோட விட்டுடாதீங்க, ஒரு மாசம் கழிச்சு யாராவது போய் அரை மணி உக்காந்துட்டு வாங்க.

கிறிஸ்துமசுக்கு வீடு வீடா பாடப் போற கேரல் ரவுண்ட்ஸ்ல மைக் போடலாமா?

ராத்திரி 10லருந்து காலை 6 வரைக்கும் ஒலிபெருக்கி கூடாது, 2000ல வந்த ஒலி மாசு விதி. மத்த நேரத்துக்கும் ஸ்டேஷன்ல லெட்டர் குடுத்து அனுமதி வாங்கிடுங்க. பத்து மணிக்கப்புறம் வாய்ப்பாட்டு மட்டும், அதுவும் மெதுவா. பக்கத்து வீட்டு பாய் வருஷா வருஷம் டீ குடுக்கறாருன்னா அவர் குழந்தை தூங்கறதையும் பாக்கணும்.

பாஸ்டரோட மனஸ்தாபம் வந்தா?

மத்தேயு 18. முதல்ல நேர்ல தனியா, அப்புறம் ரெண்டு பேரோட, அப்புறம்தான் சபை. மொட்டைக் கடுதாசி வந்தா கமிட்டியில வாசிக்காதீங்க, கிழிச்சுப் போடுங்க. கையெழுத்து இருந்தா வாசிங்க.

பாஸ்டர் டிரான்ஸ்பர் ஆகும்போது என்னென்ன வாங்கி வைக்கணும்?

ரிஜிஸ்டருங்க. ஞானஸ்நானம், திடப்படுத்தல், கல்யாணம், அடக்கம், நாலும். அவர் போறதுக்கு முன்னாடியே புது ஐயா, பழைய ஐயா, செக்ரட்டரி மூணு பேரும் உக்காந்து கடைசியா எழுதின நம்பரைப் பாத்து கையெழுத்துப் போட்டுடணும். கல்யாண ரிஜிஸ்டர் 1872 கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி உள்ளது, அதை யார் வேணாலும் எழுத முடியாது, லைசென்ஸ் உள்ளவங்கதான். அந்தச் சட்டத்துலயே கல்யாணம் காலைல 6க்கும் சாயங்காலம் 7க்கும் நடுவுலதான்னு பொது விதி இருக்கு, மண்டபத்துக்காரர் ராத்திரி எட்டு மணி டைம் குடுத்தாருன்னு வந்து நிக்கறவங்களுக்கு இதைக் காட்டுங்க.

பழைய ரிஜிஸ்டரை செல்போன்ல பக்கம் பக்கமா போட்டோ எடுத்து ரெண்டு இடத்துல வைங்க. பாஸ்போர்ட்டுக்கு, பென்ஷனுக்கு, ஆயா பேரு அப்பா பேருன்னு தேடிக்கிட்டு அம்பது வருஷத்துக்கு முந்தின பக்கத்தைக் கேட்டு ஆளுங்க வர்றாங்க, கரையான் பாதி தின்னுடுது.

அந்த சர்ட்டிபிகேட்டுக்கு பணம் வாங்கலாமா?

உங்க சினாட் கட்டணம் சொல்லியிருந்தா அது மட்டும், ரசீதோட. வேற எதுவும் வாங்காதீங்க. கேக்கறவர் எந்த சபைக்குப் போறாருங்கறதும் உங்களுக்குத் தேவையில்லாத விஷயம்.